நாலு கோழிக்கு நாலு வேலை

மொட்டப்பாறைப்பட்டியில் அறிவு கிடையாது என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஊரில் அதை யாரும் தேடியதில்லை. மற்றபடி நல்ல ஊர்தான். மழை பெய்தால் நனைவார்கள், வெயில் அடித்தால் காய்வார்கள், யாராவது ஒன்றைச் சொன்னால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அந்தக் கடைசிக் குணத்தால் அந்த ஊர் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை.

அங்கே ஆண்டிச்சாமி என்று ஒருத்தன் இருந்தான். அவன் பெண்டாட்டி சிட்டம்மாள் வெளியூர்க்காரி, ஆகவே விவரமானவள். அவளை இந்த ஊரில் எப்படிக் கட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பெண் பார்க்கப் போன அன்று ஆண்டிச்சாமி வாயே திறக்கவில்லை. அடக்கமான பையன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

சிட்டம்மாளுக்குக் கோழி என்றால் உயிர். கொல்லை சும்மா கிடக்கிறதே, நல்ல கோழியாகப் பார்த்து வாங்கி வா என்று புருஷனைச் சந்தைக்கு அனுப்பினாள். அவன் ஒரு கூடை நிறைய வெள்ளைக் கோழிகளாக வாங்கி வந்தான். எல்லாம் ஒரே பண்ணைக் கோழி, ஒரே வெள்ளை, ஒரே உயரம். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஒண்ணு தொலைஞ்சுபோச்சுன்னா இன்னொண்ணைக் காட்டி, இதே மாதிரி ஒண்ணைப் பாத்தீங்களான்னு கேக்கலாம்ல?" என்றான்.

அந்தக் கோழிகள் முட்டை போட்டன, குறை சொல்ல முடியாது. ஆனால் போட்ட முட்டையைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவற்றுக்கு இல்லை, அடை உட்கார ஒன்றும் இல்லை. பருந்து வந்தால் அண்ணாந்து வேடிக்கை பார்த்தன. கடைசியில் ஊரில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தபோது, ஒரே ரகம் இல்லையா, ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வந்து மொத்தமாக வரிசையில் படுத்துவிட்டன. கொல்லையில் இறகு மட்டும்தான் மிச்சம்.

சிட்டம்மாள் அழுதாள். அழுது முடித்துவிட்டுத் துணிப்பையை எடுத்தாள். ஆண்டிச்சாமி பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினான். அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் வழக்கம்போல அங்கேதான் புளியமரத்தடியில் குந்தியிருந்தார்கள். ஊரில் எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லுகிற மூக்கன், எதைக் கண்டாலும் இது தின்கிற பண்டமா என்று பார்க்கிற கொம்பையா, வருஷம் முழுக்க மூக்கு ஒழுகுகிற வீரணன்.

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு சிட்டம்மாள் சொன்னாள்: "இந்தா பாருய்யா. இனிமே ஒரே ரகமா வாங்காத, கலந்து வாங்கு. ஒண்ணு நல்லா முட்டை போடும். ஒண்ணு அடை உக்காந்து குஞ்சு பொரிக்கும். ஒண்ணு பருந்தைக் கண்டா கத்தி ஊரைக் கூட்டும். ஒண்ணு எந்தச் சீக்கு வந்தாலும் தாங்கும். அப்படி வச்சுக்கிட்டாத்தான் கோழி நிலைக்கும். நம்ம கொல்லையில கோழி குஞ்சோட மேயுதுன்னு என்னைக்குச் சேதி வருதோ, அன்னைக்கு வாரேன். அதுவரைக்கும் எங்க ஆத்தா வீட்டுலதான் இருப்பேன்."

பஸ் போய்விட்டது. ஆண்டிச்சாமி புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, ஒற்றையில் தூங்கத் தெரியாது, அவள் திட்டாமல் பொழுது விடிந்தால் விடிந்ததே தெரியாது. அவளை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். அன்றைக்கே அங்கேயே ஒரு சபதம் எடுத்தான்: அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்து அவளைத் திரும்பக் கூட்டிவருவது. மற்ற ஊராக இருந்தால் இது நல்ல சபதம்.

சந்தை அன்று நாலு பேரும் கிளம்பிப் போனார்கள். கோழி விற்கிற பெண்ணிடம் ஆண்டிச்சாமி விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். அவளும் சலிக்காமல் பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். முட்டைக்கு ஒரு வெள்ளைப் பண்ணைக் கோழி. அடைக்கு, நம் நாட்டுக் கோழியில் சின்ன வகையான சிறுவிடை ஒன்று. காவலுக்குப் புள்ளி புள்ளியாக ஒரு கின்னிக்கோழி. அது கத்தினால் அடுத்த ஊர்க்காரன் எழுந்து உட்காருவான். சீக்குத் தாங்குவதற்குக் கழுத்தில் ஒரு இறகுகூட இல்லாத கழுத்தறுத்தான் கோழி. அதைப் பார்த்ததும் மூக்கனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"பாத்தியா மாப்ள. எவனோ கழுத்தைப் பாதி அறுத்திருக்கான், அப்பவும் சாகலை. இதுவா சீக்குக்குச் சாகப் போவுது?"

அவள் கோழிகளின் காலைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "சேவல் வேணாமாண்ணே?" என்றாள்.

ஆண்டிச்சாமி மறுபடியும் விரலை மடக்கினான். "முட்டை, அடை, கத்தல், சீக்கு. சேவலைப் பத்தி அவ ஒண்ணும் சொல்லலையே."

"ஏம்மா, சேவல் என்ன வேலை செய்யும்?" என்று மூக்கன் நேராகவே கேட்டான்.

சுற்றிலும் ஆம்பிளைகள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அது... விடியக்காலையில கூவும்ணே" என்றாள்.

"அம்புட்டுத்தானா? அதுக்கு எதுக்கு ஒரு தீனிச் செலவு? வீரணன் கூவ மாட்டானா?"

வீரணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூவுவேன் என்று தலையாட்டினான். அந்தப் பெண் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து மொட்டப்பாறைப்பட்டியில் விடியக்காலையில் வீரணன் ஆண்டிச்சாமி வீட்டுக் கூரைமேல் ஏறி நின்று கூவினான். கீழே நாலு கோழிக்கும் நாலு மூலை பிரித்துச் சாம்பலால் கோடு போட்டார்கள். மூக்கன் ஒவ்வொரு கோழியின் முன்னாலும் குந்தி, அதன் வேலை இன்னது என்று எடுத்துச் சொன்னான். கோழிகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. அந்தக் கூட்டத்தில் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தவை அந்த நாலுதான், அதனால் பிழைத்தன.

கழுத்தறுத்தானுக்கு மட்டும் கொல்லையில் இடம் இல்லை என்று முடிவானது. சீக்கைத் தாங்குகிற கோழி மற்ற கோழிகளோடு இருந்தால் சீக்கு அவற்றுக்கும் வரும் அல்லவா? ஆகவே அதைச் சுவருக்குப் பின்னால், இடிந்த மாட்டுக் கொட்டத்தில் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் விட்டார்கள்.

முதல் வம்பு இரண்டாம் நாளே வந்தது. அடை உட்கார வேண்டிய சிறுவிடை, காலையில் ஒரு முட்டை போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நின்றுகொண்டிருந்தது. ஆண்டிச்சாமி ஓடிப்போய் மூன்று பேரையும் கூட்டி வந்தான். நாலு பேரும் முட்டையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முட்டை போடுறது வெள்ளைக்காரி வேலை. இவ ஏன் போட்டா?" என்றான் ஆண்டிச்சாமி.

"ஆசையில போட்டிருப்பா" என்றான் வீரணன்.

"ஆசைப்பட்டவங்கள்லாம் அடுத்தவங்க வேலையைச் செஞ்சா ஊரு உருப்படுமா?" என்றான் மூக்கன். "வெள்ளைக்காரிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? அதான் இவ போடுறாளே, நான் எதுக்குன்னு முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்துருவா. அவ பாக்குறதுக்குள்ள இதை இல்லாம ஆக்கணும்."

முட்டையை எப்படி இல்லாமல் ஆக்குவது என்று வெகுநேரம் யோசித்தார்கள். புதைக்கலாம் என்றான் ஆண்டிச்சாமி, கிணற்றில் போடலாம் என்றான் வீரணன். கொம்பையா முட்டையை வாங்கி, உப்பு மிளகு போட்டு அவித்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்தான். பிரச்சினை தீர்ந்தது. அதற்குப் பிறகு சிறுவிடை முட்டை போட்ட போதெல்லாம் கொம்பையா வந்து இல்லாமல் ஆக்கிக் கொடுத்தான். வரவர அவனுக்குக் கன்னம் பூரித்துக்கொண்டு வந்தது. ஊருக்காக உழைக்கிறவனுக்கு உடம்பு வைக்கத்தானே செய்யும் என்று மற்றவர்கள் பெருமைப்பட்டார்கள்.

காவல்காரக் கின்னிக்கோழி தன் வேலையைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தது. பருந்தைக் கண்டால் கத்தியது, காக்காயைக் கண்டால் கத்தியது, கொடியில் காயும் வேட்டி ஆடினாலும் கத்தியது. கத்தினால் பருந்து வந்துவிட்டது என்றுதான் சிட்டம்மாள் சொல்லியிருக்கிறாள். ஆகவே கத்தல் கேட்டவுடன் நாலு பேரும் குதிகால் பிடரியில் இடிக்க ஓடி, கோழியை மூடி வைக்கிற பஞ்சாரங்களைத் தூக்கித் தங்கள்மேல் கவிழ்த்துக்கொண்டு உட்காருவார்கள். கோழிகள் வெளியே நின்று அவர்களைப் பார்க்கும்.

ஒருநாள் நிஜமாகவே பருந்து வந்தது. கின்னிக்கோழி கத்தியது, மற்ற கோழிகள் தாமாகவே வேலிப் புதருக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டன. பருந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். பஞ்சாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஆண்டிச்சாமிக்குக் கோழிகளைக் காணோம். போச்சே, பருந்து தூக்கிட்டுப் போச்சே, சிட்டு வரமாட்டாளே என்று அலறிக்கொண்டு புதருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டான். எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவா என்று நடுக்கொல்லையில் வெட்டவெளியில் வரிசையாக நிற்க வைத்துப் பார்த்தான். பருந்து கீழே இறங்கி, இத்தனை மரியாதையை எதிர்பார்க்காததாலோ என்னவோ தடுமாறி, கோழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் கொம்பையா காயப்போட்டிருந்த கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. கொம்பையா அன்று அழுத அழுகையை அவன் அப்பன் செத்தபோதும் அழவில்லை.

இதற்கிடையில் கழுத்தறுத்தானின் பெயர் ஊருக்குள் பரவிவிட்டது. எந்தச் சீக்கு வந்தாலும் தாங்குகிற கோழி ஒன்று ஆண்டிச்சாமி வீட்டில் இருக்கிறதாமே! முதலில் வீரணன் போனான். அதன் எதிரே உட்கார்ந்து ஏழெட்டுத் தும்மல் தும்மி, "இந்தா, வச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்தான். தற்செயலாக மறுநாள் அவன் மூக்கு கொஞ்சம் அடங்கியது. அவ்வளவுதான். இருமுகிறவன், சொறிகிறவன், பல் வலிக்கிறவன் எல்லாரும் விறகுக் கொட்டத்துக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். ஆளாளுக்குத் தன் வியாதியைக் கோழியிடம் விவரமாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோழி அவர்கள் காலடியில் சிந்திய அரிசியைப் பொறுக்கித் தின்று, வஞ்சனையில்லாமல் கொழுத்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிவப்புச் சேவல் சுவரைத் தாண்டிக் குதித்துக் கொல்லைக்குள் வரும். வந்து வெள்ளைக்கோழியைச் சுற்றி இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு ஒரு நடை நடக்கும். வீரணனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கூவுகிற வேலைக்கு ஒருத்தன் இருக்கும்போது இன்னொருத்தன் எதற்கு வருகிறான்?

"அதுவும் பொம்பளைக நாலு பேரு இருக்கிற வீடு" என்றான் மூக்கன். "இந்த வீட்டுல அவனுக்கு என்ன சோலி? நாளைக்குச் சிட்டம்மா வந்து, நான் இல்லாதப்ப எவன் எவனையோ உள்ள விட்டீங்களான்னு கேட்டா என்ன சொல்றது?"

அன்றிலிருந்து வீரணன் கையில் குச்சியோடு சேவலைத் துரத்துவதைத் தன் இரண்டாவது வேலையாக எடுத்துக்கொண்டான். பாவப்பட்ட சேவல் கொல்லையில் அடி வாங்கும், சுவரேறிப் பின்பக்கம் குதிக்கும், விறகுக் கொட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது அந்த நாலு பேருக்குத்தான், அவர்கள் கேட்கவில்லை.

சில வாரம் போனது. ஒருநாள் கழுத்தறுத்தானைக் காணவில்லை. கொட்டத்தில் இல்லை, தெருவில் இல்லை, வரிசையில் நின்றவர்களும் பார்க்கவில்லை. விறகு அடுக்குக்கு அடியில் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கோழி என்பது விறகுக்கு மேலே நிற்கிற பொருள் என்பதால் மேலே மட்டும் பார்த்தார்கள்.

"தாங்கித் தாங்கிச் செத்திருச்சு மாப்ள" என்றான் மூக்கன். "ஒரு ஊரு சீக்கை ஒரு கோழி எம்புட்டு நாளைக்குத்தான் தாங்கும்?"

உடம்பு கிடைக்காததால் அதன் இறகு ஒன்றைத் தேடி எடுத்துப் புதைத்தார்கள். ஆண்டிச்சாமி பால் தெளித்தான். தன் சளியை வாங்கிக்கொண்டு செத்தது என்கிற நன்றிக்காக வீரணன் மொட்டை போட்டுக்கொண்டான். கொம்பையா மட்டும், உடம்பாவது கிடைத்திருக்கலாம் என்று மனம் நொந்தான்.

ஆண்டிச்சாமிக்கு ஒரு கோழி போன துக்கம் இருந்தாலும் அதே வாரத்தில் பெரிய சந்தோஷம் ஒன்று வந்தது. சிறுவிடை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக்கோழியின் முட்டைகளாகப் பொறுக்கி, சாம்பல் போட்ட கூடையில் வைத்து, அதை ஏற்றி உட்கார வைத்தார்கள். போட்டவள் போட்டாள், உட்காருகிறவள் உட்கார்ந்தாள், சிட்டம்மாள் சொன்னது அப்படியே நடக்கிறது. ஆண்டிச்சாமிக்குக் கண் கலங்கியது. வீரணனை உடனே அவள் ஊருக்கு ஓட விட்டான்.

வீரணன் திரும்பி வந்து, "வர்ற வெள்ளிக்கு மறு வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி வாரேன்னு சொல்லுச்சு. அன்னைக்குக் குஞ்சு இல்லேன்னா அதே பஸ்ஸுல திரும்பிருவேன்னும் சொல்லுச்சு. ஆனா சிரிச்ச மூஞ்சியாத்தான் சொல்லுச்சு" என்றான்.

அந்தச் சிரித்த மூஞ்சியை ஆண்டிச்சாமி திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினான். எப்படிச் சிரித்தாள், பல் தெரிந்ததா, கண்ணும் சேர்ந்து சிரித்ததா என்று கேட்டு வீரணனின் உயிரை எடுத்தான். வீட்டுக்கு வெள்ளை அடித்தான். அவள் படுக்கிற பக்கம் பாயில் தன் கால்கூடப் படாமல் சுவரோரம் ஒடுங்கிப் படுத்தான். ஒவ்வொரு நாளும் காலையில் அடைக்கோழியின் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டான். முட்டாளாக இருந்தாலும் அவன் ஏக்கம் பொய் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை வந்தது. ஒரு முட்டைகூட அசையவில்லை. நாலு பேரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூக்கன் ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு விரலால் தட்டினான்.

"யாரும் இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"உள்ள இருக்கு, பேச மாட்டேங்குது" என்றான் மூக்கன். "பண்ணைக்கோழி வயித்துப் பிள்ளை. அதுக்கு நம்ம பேச்சு விளங்காது."

"வெளிய வர வழி தெரியலையோ என்னமோ. ஒரு ஓட்டை போட்டு விடுவமா?" என்றான் வீரணன்.

"நாம ஓட்டை போட்டா நாம பொரிச்ச குஞ்சு ஆயிரும். அடைக்கோழி பொரிச்ச குஞ்சு ஆகாது. அவ சொன்னது அடைக்கோழி" என்றான் ஆண்டிச்சாமி.

"ஒண்ணை அவிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்" என்றான் கொம்பையா.

அவனுக்கு உலகத்தில் எதையும் அவித்துப் பார்த்தால்தான் தெரியும். சரி என்று ஒன்றை அவித்தார்கள். உடைத்தபோது வந்த நாற்றத்தில் கின்னிக்கோழிகூடக் கத்துவதை நிறுத்திவிட்டது. கொம்பையாவே மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிவரை ஓடினான். மூக்கன் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னான்.

"பயப்படாத மாப்ள. வாடை வந்திருச்சுன்னா ஆளு பின்னாடியே வருதுன்னு அர்த்தம்."

ஆண்டிச்சாமி அன்று முழுக்க அந்த வாடையை மோந்து மோந்து மனதைத் தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சிட்டம்மாள் வந்து இறங்கினாள். தலை நிறையப் பூ. வீம்பு பிடித்துப் போனவள்தான், ஆனால் அவளுக்கும் வீட்டு நினைப்பு வந்து வெகுநாளாகிவிட்டது. முன்வாசல் வழியாகப் போனால் சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடும் என்று பின்சந்து வழியாகவே வந்தாள். வந்தவள் விறகுக் கொட்டத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

விறகு அடுக்குக்குள்ளிருந்து கழுத்தறுத்தான் கொக்கரித்துக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே குஞ்சுகள், பொலபொலவென்று ஒரு பட்டாளம். சிவப்பில் சில, கறுப்பில் சில, பொறி விழுந்தவை சில. சிலவற்றுக்குக் கழுத்தில் இறகு இல்லை, சிலவற்றுக்கு இருந்தது. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. தாய் மண்ணைக் கீறிவிட, எல்லாம் சேர்ந்து கொல்லைப் பக்கம் மேய்ந்துகொண்டே போயின. சிட்டம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் புருஷனா இப்படிக் கலந்து வாங்கி, இவ்வளவு பொரிக்கவும் வைத்தான்? அவனைப் போய் அத்தனை பேச்சுப் பேசிவிட்டோமே என்று மூக்கைச் சிந்தினாள்.

கொல்லையில் நாலு பேரும் அடைக்கூடையைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். சிட்டம்மாள் கோழியும் குஞ்சுமாக உள்ளே வருவதைக் கண்டு ஆண்டிச்சாமி துள்ளி எழுந்தான்.

"சிட்டு! வந்துட்டியா! ஏ, கோழி! குஞ்சு!"

"வந்துட்டேன்யா" என்று சொல்லி அவள் பையைக் கீழே வைத்தாள். பல் தெரிந்தது, கண்ணும் சேர்ந்து சிரித்தது.

வீரணன் செத்துப்போன கோழியைப் பார்த்தான், தன் மொட்டைத் தலையைத் தடவினான். "அப்ப இதை யாரு திருப்பித் தருவா?" என்று கேட்டான். அதற்குள் மூக்கன் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அவசரப்படாத. நிதானமாப் பாரு. இது யாரு?"

"கழுத்தறுத்தான்."

"அதோட வேலை என்ன?"

"சீக்குத் தாங்குறது."

"முட்டை போடுறது யாரு? அடை உக்கார்றது யாரு?"

ஆண்டிச்சாமியின் முகம் மெல்ல மெல்ல வாடியது. அவன் வெள்ளைக்கோழியைப் பார்த்தான். கூடையில் நாறிக்கொண்டிருந்த முட்டைகள்மேல் சிறுவிடை கடமை தவறாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பிறகு சிட்டம்மாளின் தலையில் இருந்த பூவைப் பார்த்தான்.

"போதாததுக்கு இது செத்துப்போன கோழி" என்றான் மூக்கன். "பால் தெளிச்சாச்சு. செத்த பிறகு பிறந்த பிள்ளைக்கு நாம எப்படிப் பொறுப்பேத்துக்கிறது?"

ஆண்டிச்சாமி பெண்டாட்டியின் பக்கத்தில் போய், அவள் கீழே வைத்த பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"சிட்டு, இது நம்ம குஞ்சு இல்ல."

"என்னது?"

"இது சீக்குக்கோழி தன் இஷ்டத்துக்குச் செஞ்சது. நம்ம குஞ்சு இன்னும் முட்டைக்குள்ளதான் இருக்கு, நேத்துத்தான் வாடை வந்திருக்கு. முட்டைக்காரி போட்டு, அடைக்காரி பொரிச்சு வரட்டும். வந்ததும் ஆள் அனுப்புறேன்."

சிட்டம்மாள் அவனை வாய் பிளந்து பார்த்தாள். "யோவ், கொல்லையில கோழி குஞ்சோட மேஞ்சா வாரேன்னுதானே சொன்னேன்? அந்தா மேயுதுல்ல? உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"மேயுது. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றான் ஆண்டிச்சாமி. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல சிட்டு. ஆனா நீ சொன்ன சொல்லு என்ன, இது என்ன? தப்பான குஞ்சைக் காட்டி உன்னை ஏமாத்திக் கூட்டியாந்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நான் உசிரோட இருக்க முடியுமா?"

மற்ற மூன்று பேரும் இந்த நேர்மையைக் கண்டு தலை குனிந்துகொண்டார்கள்.

சிட்டம்மாள் நாலு மூஞ்சியையும் ஒரு தடவை வரிசையாகப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பஞ்சாரத்தை எடுத்துக் கழுத்தறுத்தானைப் பிடித்து உள்ளே விட்டாள். குஞ்சுகளை மடியில் பொறுக்கிக் கட்டினாள்.

"அதை எங்க கொண்டு போற?" என்றான் ஆண்டிச்சாமி.

"உனக்குத்தான் வேணாமே."

"வேணாம்" என்று அவன் ஒப்புக்கொண்டான்.

வந்த பஸ் கடைசி ஊர்வரை போய்த் திரும்பி வந்தது. பஞ்சாரத்தை ஆண்டிச்சாமிதான் பக்குவமாகத் தூக்கி ஏற்றிவிட்டான். குஞ்சுக்குக் காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டான், வழியில் பசித்தால் கொடுக்க ஒரு பிடி நொய்யரிசியும் முடிந்து கொடுத்தான். சிட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள், அவன் கையை ஆட்டினான், பஸ் கிளம்பியது. மொட்டப்பாறைப்பட்டியில் விவரம் தெரிந்த உயிர்கள் என்று இருந்தவை ஒரு பெண்ணும் ஒரு கோழியும்தான். இரண்டும் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஊரைவிட்டுப் போயின.

பஸ் கண்ணுக்கு மறைகிறவரை ஆண்டிச்சாமி நின்று பார்த்தான். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, மூன்று பேர் பக்கமும் திரும்பினான். நெஞ்சில் கை வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டான்.

"நல்லவேளைப்பா" என்றான். "கொஞ்சம் அசந்திருந்தா, வீட்டுக்கே வந்திருப்பா."